பென்சிலுக்கு முன் களிமண்

ஆசிரியருக்கு, எல்.கே.ஜி. குழந்தைகளின் வீட்டுப்பாடச் சுமை பற்றிய செய்தியைப் படித்தேன். மணிக்கட்டின் 8 எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்புதான், 3 வயதில் அவற்றில் பாதிகூட எலும்பாகியிருக்காது, அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுது என்று அதட்டுவது கொடுமை.

என் பேத்தி எழுதச் சொன்னாலே அழுவாள். சரி, நோட்டை மூடிவிட்டுச் சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது, அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழியில் புளியங்கொட்டை போடுவது என்று ஆறு மாதம் விட்டோம். இப்போது பென்சிலை அவளே கேட்டு வாங்குகிறாள்.

அங்கன்வாடிகளிலும் எல்.கே.ஜி. வகுப்புகளிலும் எழுத்துப் பயிற்சியைத் தள்ளிவைத்து, தினமும் அரை மணி நேரம் களிமண், மணி கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல் ஆகியவற்றுக்கு ஒதுக்க கல்வித்துறை உத்தரவிட வேண்டும்.

- ஒரு பாட்டி, தஞ்சாவூர்