கீஸர் பிளக் விஷயமாக

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கீஸர் பிளக் போட்டோ பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறது. இங்கே காசிமேட்டுக் காற்றில் செம்பு தானாகவே பச்சை பூக்கும். கோயம்புத்தூரில் உப்புக்காற்று ஏது? இது ஸ்க்ரூ லூஸ்தான். 2000 வாட் கீஸர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பிடி தளர்ந்த இடத்தில் அது சூடாக மாறும். கரண்ட் அளவு கூடாததால், கரண்ட் மீறினால் தானே அணையும் எம்.சி.பி. ஸ்விட்ச் ட்ரிப் ஆகாது. அதுதான் ஆபத்து.

மாற்றும்வரை கீஸரைப் போடாதே, அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள். மாப்பிள்ளை ஊரில் இல்லையா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அதை விடு.

ஆபீஸில் யாரோ ஒயர் நுனிக்குச் சால்டர், அதாவது ஈயப்பற்று, வைத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் ஈயம் மெத்தென்று இருக்கும். ஸ்க்ரூ அழுத்த அழுத்த, மாதக்கணக்கில் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். இன்று இறுக்கியது பிறகு ஆடும். சால்டர் முடிகிற இடத்தில் இழைகள் முறியவும் செய்யும். பத்தாவது படிக்கும்போதே ஃபியூஸ் கட்டின பெண், இதை ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். போட்டோ அனுப்பத் தெரிகிறது, போன் பண்ண வரவில்லை.

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு வேலையை ஆரம்பி. ஈயம் பட்டது, கறுத்தது எல்லாவற்றையும் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டித் தள்ளு. சுரண்டி மறுபடி போடாதே. மேல் உறையை, பிளக்கில் ஒயரைப் பிடிக்கும் கிளாம்ப் அந்த உறையையே கவ்வும்படி விட்டுச் சீவு. எர்த் ஒயரை மற்ற இரண்டையும் விட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விடு. யாராவது இழுத்தால் அது கடைசியாகத்தான் கழல வேண்டும். நுனியை 10 மில்லிமீட்டர் சீவு. பிளேடு பட்டு இழை அறுந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி சீவு. நுழையவில்லை என்று நாலு இழையைக் கத்தரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதே.

இழைகளை முறுக்கின வாக்கிலேயே லேசாக முறுக்கி ஃபெரூலுக்குள் விடு. ஃபெரூல் என்பது ஒயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழாய், பிளாஸ்டிக் கழுத்தோடு இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குக் கறுப்பு ஃபெரூல், 2.5க்கு நீல ஃபெரூல். ஓர் இழைகூட வெளியே நிற்கக்கூடாது. நின்றால் பக்கத்து டெர்மினலைத் தொடும். கட்டிங் பிளையரால் நசுக்காதே, ஃபெரூலை அழுத்துவதற்கென்றே உள்ள கிரிம்பிங் டூலால் அழுத்து. பழுப்பு ஒயர் எல் (L) டெர்மினலுக்கு, நீல ஒயர் என்னுக்கு (N), பச்சை மஞ்சள் எர்த் ஒயர் தடித்த பின்னுக்கு. ஸ்க்ரூ ஃபெரூலின் உலோகத்தின் மேல் உட்கார வேண்டும், பிளாஸ்டிக் கழுத்தின் மேல் அல்ல. இறுக்கியதும் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்.

பழைய பிளக்கைத் தூக்கிப் போடு, 16 ஆம்பியரில் புதிது வாங்கு. சாக்கெட்டும் சூடு கண்டது, உள்ளே பிடி தளர்ந்திருக்கும். அதில் நீ கை வைக்காதே, ஹவுஸ் ஓனர் ஆள் வைத்து மாற்றட்டும்.

மாற்றிய பிறகு அரைமணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து பிளக்கைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை சுட்டால் நிறுத்து. இரண்டு வாரம் கழித்து ஸ்க்ரூவை மறுபடி இறுக்கு. இழுத்துப் பார்க்க மறக்காதே.

பாரிமுனையில் ஃபெரூலும் டூலும் வாங்கிக் கூரியரில் போடுகிறேன். பழைய அட்ரஸுக்கே அனுப்பலாமா, வேறு இடமா என்று மட்டும் சொல்.

அப்பா