பல்லு போனா போகட்டும் உஸ்தாத், நீங்க வாங்க

ராணுவ பேண்ட்ல எங்களுக்கு வாத்தியம் சொல்லிக் குடுத்த அன்புள்ள உஸ்தாத்துக்கு,

வணக்கம். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறீங்க, எடுத்தாலும் "ஆகட்டும்டா பாக்கலாம்"னு சொல்லி வெச்சுடறீங்க, அதான் இப்படி நாலு பேரு படிக்கிற இடத்துல எழுதறேன். உங்க பேரன் எப்படியும் உங்களுக்கு படிச்சு காட்டிடுவான், அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கோவம் வந்தா என்னை பேரக்ஸ்ல திட்டின மாதிரியே திட்டுங்க, கேட்டு ரொம்ப நாளாச்சு.

நம்ம பேண்ட்ல அந்த பெரிய பேஸ் டிரம் அடிச்ச ஹவில்தார் ஆடி மாசம் தவறிட்டாரு, உங்களுக்கு சேதி வந்திருக்கும். எடுக்கற அன்னிக்கு நம்ம பென்ஷன் பேண்ட்காரங்க சங்கத்துல இருந்து நாலு பேரு போனோம். மெடல எல்லாம் நெஞ்சு மேல குத்தி வெச்சு, பெரே தொப்பிய தலைமாட்டுல வெச்சிருந்தாங்க. அவரு பையன் என்கிட்ட வந்து மெதுவா, "அங்கிள், அந்த பியூகிள் வாசிப்பாங்களே, அப்பா கடைசியா அதத்தான் கேட்டாரு"ன்னான். எனக்கு பகீர்னுச்சு. போன நாலு பேருல நான் கிளாரினெட், ஒருத்தன் சைட் டிரம், ஒருத்தன் சாக்ஸ், இன்னொருத்தர் பைப்பர். பித்தளை ஊதுற ஆளு ஒருத்தன் கிடையாது, பியூகிள்ங்கற அந்த பித்தளை ஊதுகுழலும் கிடையாது. பென்ஷன் வந்தவன் வீட்ல செத்தா பழைய பட்டாளத்துல இருந்தா ஆள் அனுப்பப் போறாங்க? கடைசில பையனே போன்ல தேடி ஒரு ஸ்பீக்கர்ல கனெக்ட் பண்ணான், நாங்க நாலு பேரும் சாவ்தான்ல, அதான் அட்டென்ஷன்ல, நின்னோம், செத்த சிப்பாய்க்கு பியூகிள்ல வாசிக்கற அந்த லாஸ்ட் போஸ்ட் மெட்டு வரும்னு பாத்தா முதல்ல முட்டி வலி தைலம் விளம்பரம் வருது உஸ்தாத்! முழுசா ஓடுச்சு. யாரும் அசையல. அந்தம்மா மட்டும் எங்கள ஒரு தடவ நிமிந்து பாத்தாங்க, அந்த பார்வைய இன்னும் என்னால மறக்க முடியல.

அவரு உயிரோட இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு, அது வேற விஷயம்.

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டோம். சங்கத்து காசுல ரெண்டு பியூகிள் வாங்கறது, ஒண்ணு காட்பாடில இருக்கும், ஒண்ணு திருவண்ணாமலை பக்கம், எவன் வீட்ல துக்கம்னாலும் பக்கத்துல இருக்கறவன் எடுத்துட்டு ஓடணும்னு. மீரட்ல ஜாலி கோத்தி இருக்கில்ல, பேண்ட் வாத்தியம் செய்யற தெரு, அங்க இருந்து வரவழைச்சோம். சர்வீஸ்ல இருந்தவரைக்கும் வாத்தியம் சர்க்கார் சொத்து, பென்ஷன் வர்ற அன்னிக்கு ஸ்டோர்ல ஒப்படைச்சிட்டு கையெழுத்து போட்டுட்டு வந்துட்டோம், பதினேழு வருஷம் வாயில வெச்சிருந்தத ஒரே நிமிஷத்துல குடுத்துட்டு வந்தவங்கதானே நாம எல்லாரும். அதனால பார்சல் பிரிச்சப்ப ஆளாளுக்கு பிடுங்கி பாத்தாங்க, கல்யாண வீட்டு சாம்பார் வாளி மாதிரி கை மாறுச்சு.

வாத்தியம் வந்துருச்சு. ஊத ஆளு?

அமெரிக்காவுலயே பியூகிள் வாசிக்க ஆள் பத்தாம 2003 வாக்குல ஒரு கருவி கொண்டு வந்தாங்களாம், பியூகிளுக்குள்ள சொருகி பட்டன அமுக்கிட்டு வாயில வெச்சிட்டு நின்னா போதும், அதுவே வாசிச்சுடும். நம்ம பையன் ஒருத்தன் அத வாங்கலாம்னான், நான் திட்டி உக்கார வெச்சேன். தைல விளம்பரம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு பக்கம் பாருங்க, பெல்ஜியம்ல ஈப்ர்னு ஒரு ஊரு, முதல் உலகப்போர்ல செத்தவங்க பேரு பொறிச்ச மெனின் கேட்னு ஒரு பெரிய வளைவு இருக்கு, நம்ம நாட்டு சிப்பாய்ங்க பேரும் அதுல இருக்கு. அங்க 1928ல இருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு லாஸ்ட் போஸ்ட் வாசிக்கறாங்க, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் ஊர பிடிச்சு வெச்சிருந்த காலம்தான் பெரிய இடைவெளி. வாசிக்கறது யாரு தெரியுமா? அந்த ஊரு ஃபயர் சர்வீஸ் ஆளுங்க. தீயணைக்கிறவன் தினமும் வாசிக்கறான், நாம இருபது பேரு சேந்து வருஷத்துக்கு ரெண்டு மூணு சாவுக்கு வாசிக்க முடியாதா?

நம்மள வேற ஏதாவது எக்ஸ்-சர்வீஸ்மென் சங்கத்துல சேந்துக்கோன்னு சொல்றாங்க. சேந்து பாத்தேன் உஸ்தாத். லைஃப் சர்டிஃபிகேட், கேண்டீன் கார்டுன்னு உதவி எல்லாம் நல்லாதான் பண்றாங்க, குறை சொல்லல. ஆனா டீ குடிக்கறப்ப ஒருத்தன் கண்டிப்பா கேப்பான், "நீ துப்பாக்கி பிடிச்சியா இல்ல பீப்பீ ஊதினியா"ன்னு. சண்டைன்னு வந்தா ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு முன்னாடி ஓட வேண்டியது பேண்ட்காரன்தான்னு எத்தன பேருக்கு விளக்கறது, விட்டுட்டேன். அது மட்டும் இல்ல, துப்பாக்கிக்காரன் கதையா பேசினா போதும், அவனுக்கு மனசு நிறைஞ்சுடும். நமக்கு அப்படி இல்லையே. நீங்க வாசிச்ச ஹார்னையே எடுத்துக்கோங்க, மார்ச்சுல "உம்-பா உம்-பா"வுல வர்ற "பா" மட்டும்தானே உங்களுது, அத வீட்ல தனியா உக்காந்து வாசிச்சா பொண்டாட்டி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிடுவா. "உம்" வாசிக்கறவன் பக்கத்துல இருந்தாதான் நாம மனுஷன்.

ஒவ்வொரு கூட்டம் முடியறப்பவும் 'அபைட் வித் மீ'ங்கற கிறிஸ்தவ பாட்ட வாசிக்கறோம். டெல்லில குடியரசு தின விழா முடியறப்ப ராணுவ பேண்டுங்க வாசிக்கற பீட்டிங் ரிட்ரீட்ல 1950ல இருந்து வாசிச்சது, காந்திக்கு பிடிச்ச பாட்டு, 2022ல எடுத்துட்டாங்க. அதுக்கு பதிலா 'ஏ மேரே வதன் கே லோகோ' வந்துச்சு, அதுவும் நல்ல பாட்டுதான், எனக்கு சண்டை ஒண்ணும் இல்ல. ஆனா அது நடக்கற விஜய் சௌக்ல அந்த ஜனவரி குளிருல மௌத்பீஸ் உதட்டுல ஐஸ் மாதிரி ஒட்டறப்ப, நாம இங்க வாசிக்க வாசிக்க தூரத்துல மேல இருந்து மணி பதில் சொல்லும் பாருங்க, அத அனுபவிச்சவனுக்கு மனசு கேக்காது. உங்க சர்ச்சுல கூட அதையே தமிழ்ல 'என்னோடிரும்'னு சாயங்காலம் பாடுவாங்கன்னு சொன்னீங்க. இங்க நாங்க வாசிக்கறப்ப மேல ராகம் இருக்கு, கீழ பேஸ் இருக்கு, நடுவுல உங்க ஹார்ன் இருக்க வேண்டிய இடம் ஓட்டையா இருக்கு. நான் அங்க வர்றப்ப எல்லாம் கொஞ்சம் தடுமாறுவேன், பதினாலு வருஷமா உங்கள கேட்டு கேட்டே என் மூச்ச எடுத்த பழக்கம்.

சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க ஏன் வர்றதில்லன்னு எனக்கு தெரியும். முன்பல்லு நாலும் போச்சு, பல் செட் போட்டா காத்து ஒழுகுது, லிப் நிக்கல, போன கூட்டத்துல ஹார்ன எடுத்து வெச்சீங்க, சத்தம் வரல, ஒண்ணும் சொல்லாம துடைச்சு பெட்டில வெச்சிட்டு சாப்பிடாம கூட போயிட்டீங்க. நாங்க யாரும் பாக்காத மாதிரி நடிச்சது எங்க தப்பு. அப்பவே எந்திரிச்சு வந்து உங்க கைய பிடிச்சிருக்கணும்.

ஊதச் சொல்லி கூப்பிடல உஸ்தாத். பியூகிள் கத்துக்க மூணு பசங்க வந்திருக்கானுங்க, ஒருத்தன் பேஸ் டிரம் ஹவில்தார் பையனேதான், இன்னும் ரெண்டு பேரு நான் பேண்ட் சொல்லிக் குடுக்கற ஸ்கூல் பசங்க. சத்தம் வருது, நோட்டு விழுது, ஆனா லாஸ்ட் போஸ்ட்ல அந்த நீட்டு நோட்ட பிடிச்சு நிறுத்தற இடத்துல அவசரப்படறானுங்க, பஸ்ஸுக்கு ஓடற மாதிரி. நான் கிளாரினெட்காரன், என் வாய் வேற, எனக்கு சொல்லித் தர தெரியல. பச்மரி ராணுவ இசைப் பள்ளிக்கு நாங்க இடார்சில வண்டி மாறி, பிபரியால இறங்கி, பஸ் ஏறி மலை மேல வந்து சேந்த முதல் வாரம், வாத்தியத்த தொடவே விடாம ஒவ்வொருத்தன் பார்ட்டையும் வாயால பாட வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அழுகையே வந்துச்சு எனக்கு. அதுக்கு ஏது பல்லு?

ரெண்டாவது ஞாயிறு, காட்பாடில அதே மண்டபம். போளூர்ல காலைல ரயில் ஏறினீங்கன்னா நேரா காட்பாடி, ஸ்டேஷனுக்கு நான் ஸ்கூட்டியோட வந்துடறேன். மட்டன் வேகலைன்னு போன தடவ புகார் வந்ததால இந்த தடவ குழைய வேக வெக்க சொல்லியிருக்கேன், உங்களுக்காகன்னு யார்கிட்டயும் சொல்லல. பழைய மியூசிக் நோட்டுப் புத்தகம், அந்த சிவப்பு அட்டை, எலி கடிக்காம இருந்தா எடுத்துட்டு வாங்க. சந்தா பாக்கி முந்நூறு ரூபா, அதையும் மறக்காதீங்க, பொருளாளர் உங்க பேர ரெண்டு தடவ படிச்சிட்டாரு.

உங்க,
செகண்ட் கிளாரினெட்