எந்தப் புரதம் என்று மூட்டையில் எழுதித் தாருங்கள்

எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே 3 கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பவள் நான். இரண்டு வேளையும் உங்களுக்குத்தான் பால் ஊற்றுகிறேன். போன ஐப்பசியில் நீங்கள் கொடுத்த கன்றுப் பால்மாவு மூட்டையைப் பற்றியது இந்த மடல்.

கறந்த பாலைச் சங்கத்துக்கு ஊற்று, கன்றுக்கு மாவைக் கரைத்துக் கொடு, கையில் காசு மிஞ்சும் என்றீர்கள். கணக்கில் தவறில்லை. சிவப்பி ஈன்ற கிடாரிக் கன்றுக்கு 9ஆம் நாளிலிருந்து கொடுத்தேன். நாலே நாளில் கழிச்சல். வாலும் பின்னங்காலும் மஞ்சளாக அப்பிக் காய்ந்து, கண் குழிவிழுந்து, காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றிய கால்நடை மருத்துவர் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'புரதம் 22 சதவீதம்' என்று மட்டும் இருந்தது. பால் புரதமா, சோயாவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். மூன்று வாரம்கூட ஆகாத கன்றுக்கு நான்காவது இரைப்பைதான் வேலை செய்யும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் அங்கே தயிர்போல் உறைந்து மெல்லக் கரையும். பாலாடைக்கட்டி செய்து வடித்த நீரில் உள்ள புரதம் உறையாது, ஆனாலும் செரிக்கும். சோயாவைச் செரிக்கும் பக்குவம் அந்த வயிற்றுக்கு இன்னும் வந்திருக்காது. எண் மட்டும் இரண்டுக்கும் 22தான். புண்ணாக்கிலும் புரதம் உண்டு, அதைப் பச்சைக் கன்றுக்குக் கரைத்துக் கொடுப்போமா?

என் தப்பும் உண்டு. ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். நம் கரையில் அதில் சோறு வடித்தாலே கரிக்கும். ஊற்றில் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிறைக்க அரை நாள் போகிறது, அந்தத் தண்ணீரைக் கன்றுக்கு ஊற்ற மனம் வருமா? மாவிலேயே உப்புச்சத்து இருக்கிறது, உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கழிச்சலை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல. விற்கும்போது இதை ஒருவர் சொல்லியிருக்கலாம்.

அடுத்த சரக்கு எடுக்கும் முன், புரதம் எதிலிருந்து வந்தது என்று எழுதிய மூட்டையைக் கேட்டு வாங்குங்கள். 25 கிலோவாக வேண்டாம். கடல்காற்றில் பிரித்த பத்தே நாளில் கட்டி தட்டுகிறது, 5 கிலோ பை போதும். ஒரு லிட்டருக்குச் சுமார் 125 கிராம் என்கிறார்கள், அதற்கு ஓர் அளவுக் குவளை கொடுங்கள். தண்ணீர் எவ்வளவு சூடு என்று விரலை விட்டுப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது, என் மருமகளுக்கு வேறு தோன்றுகிறது. ஒரு வெப்பமானியைச் சங்கத்தில் வைத்துக் காட்டிக் கொடுத்தால் நல்லது.

இன்னொன்று. கூட்டத்தில் ஒருவர், சீம்பால் கிடைக்காவிட்டாலும் மாவு போதும் என்றார். அதை அங்கேயே மறுத்திருக்க வேண்டும். சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தி முதல் சில மணி நேரத்தில்தான் குடல் வழியாக ரத்தத்தில் நன்றாகச் சேரும், ஒரு நாள் கழிந்தால் கதவு சாத்திவிடும். 30 கிலோ கன்றுக்கு அந்த ஒரு நாளில் 3 லிட்டர் வேண்டும். கருப்பட்டி போட்டுக் கிண்டித் தின்ன நமக்கும் ஆசைதான், மிஞ்சினால் தின்போம்.

பாதி மூட்டை மாவு இன்னும் தொழுவத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பால் ஊற்ற வரும்போது கொண்டுவருகிறேன். பணம் கேட்கவில்லை, மேசைமேல் பிரித்து வைத்து அதில் என்ன இருக்கிறது என்று விற்றவரை வரவழைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் உறுப்பினர்