பந்து ஏன் நின்றது?

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் பேரன் கேட்டானே, "உருட்டிவிட்ட பந்து ஏன் பாட்டி நின்னுபோச்சு?" என்று. அவன் வயதில் நீயும் இதையேதான் கேட்டாய். "தள்ளின விசை தீர்ந்துபோச்சு" என்று அன்றைக்கு உனக்குச் சொன்னேன். அது தப்பான பதில். அதையே நீ அவனுக்குச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

விசை, பந்துக்குள் நிரப்பி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகிற பொருள் இல்லை. கை பந்தில் பட்டிருக்கும் வரைதான் கையின் விசை. கை விட்ட பிறகு பந்திடம் இருப்பது வேகம் மட்டும். அந்த வேகம் தானாகக் குறையாது. தரையின் உராய்வும் காற்றும் எதிர்த்திசையில் பிடித்து இழுப்பதால்தான் குறைகிறது. ஒரு பொருள் ஓடுவதற்கு அதை ஓயாமல் தள்ள வேண்டும் என்றே மனிதர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள். சரிவில் குண்டுகளை உருட்டிப் பார்த்த கலிலியோ, தடையே இல்லாத சமதளத்தில் குண்டு நிற்காது என்று கண்டுகொண்டார். 1687-இல் நியூட்டன் அதைத் தன் முதல் விதியாக வைத்தார். 1977-இல் அனுப்பிய வாயேஜர் 1 என்ற விண்கலம் இன்றும் விண்வெளியில் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பின்னாலிருந்து தள்ள எந்த எஞ்சினும் ஓடவில்லை.

இருக்கிற நிலையை விடாத இந்தக் குணத்துக்குத்தான் நிலைமம் என்று பெயர்.

அப்புறம் இன்னொன்று. காரில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால், அவனும் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறான். மோதி நிற்பது வண்டி மட்டும்தான். அவனை வேறொரு விசை நிறுத்தியாக வேண்டும். அவன் எடை 15 கிலோ. பிரேக் போட்டு 3 விநாடியில் நின்றால், அவனைப் பிடித்து நிறுத்த 50 நியூட்டன் விசை போதும் (விசையை அளக்கும் அலகுக்கும் நியூட்டன் என்றுதான் பெயர்). 5 கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பது போலத்தான். தினமும் இப்படி நடப்பதால், எப்போதும் பிடித்துக்கொள்ளலாம் என்று கைக்கு ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது. மோதல் என்றால் நிற்கிற நேரம் பத்தில் ஒரு விநாடிதான் என்று வைத்துக்கொள். 1500 நியூட்டன் வேண்டும். கிட்டத்தட்ட 150 கிலோ எடை! எந்தத் தாயின் கையாலும் அது முடியாது. பாசம் குறைவு என்பதில்லை, கணக்கு அப்படி.

பெல்ட் கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்து, நிற்கிற நேரத்தைச் சற்றே நீட்டுகிறது. விசையைத் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. பெரியவர்களின் பெல்ட் அவன் உடம்புக்குச் சரிவராது, கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தும். அவன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற குழந்தை இருக்கையை இந்த வாரமே வாங்கி, பின்சீட்டில் பொருத்திவிடுங்கள். அழுவான். அழட்டும்.

பந்துக்கு வருகிறேன். ஒரே பந்தை முதலில் மெத்தையில் உருட்டச் சொல், அப்புறம் கம்பளத்தில், கடைசியில் வழவழப்பான தரையில். எது அதிக தூரம் போனது என்று அவனே பார்க்கட்டும். இன்னும் வழவழப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேள். பதிலை நீ சொல்லிவிடாதே. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா