சேகருக்கு, நைனாவின் உறைகளைப் பற்றி

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பெரியவனுக்கு மணலியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அத்தை இன்னும் அதே தைலத்தைத்தான் நம்புகிறார், அதே முழங்காலைத்தான் திட்டுகிறார். குடும்பச் செய்தி இத்துடன் முடிந்தது. இனி நீ கொடுத்தனுப்பிய ஹார்டு டிஸ்க் விஷயம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே ‘சரி, சரி’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், முழுவதும் படி.

நைனாவின் இசைத்தட்டுகள் அத்தனையும் அதில் இருப்பதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. ஆனால் நிம்மதியாகக் கேட்கத்தான் முடியவில்லை. பாட்டுச் செயலியைத் திறந்து, தட்டுகளின் உறைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கீழே போனால், சிறிது நேரத்தில் பாட்டு விக்கும். பிறகு மவுஸ் அம்பு நகராது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். சரணத்தின் நடுவில் குரல் அறுந்து நிற்கும்போது எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

யோசனை சொல்ல மட்டும் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வைரஸ் என்றார். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் புதிது வாங்கச் சொன்னார். நம் கேரம் கிளப் மேதாவி, யாரென்று உனக்குத் தெரியும், “பழைய போட்டோக்களை அழியுங்கள், இடம் காலியாகும்” என்றான். அழித்தால் டிஸ்க்கில் இடம் கிடைக்கும், ராமில், அதாவது ஓடும் வேலைக்கான தற்காலிக நினைவகத்தில், ஒரு பைட்கூடக் கிடைக்காது. இங்கே நிரம்புவது ராம். என் லேப்டாப்பில் அது 4 ஜிபி, அதில் பாதியை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. மிச்சமும் தீர்ந்தால், ராமில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றி எழுதி எழுதித்தான் சமாளிக்கும். பழைய சுழலும் டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. விளக்கு அணையாததற்கும் பாட்டு விக்குவதற்கும் இதுதான் காரணம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. மெமரி என்ற தலைப்பின் மேல் அழுத்தினால் அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். இந்தச் செயலிதான் முதலில் நின்றது. ஒரே பெயரில் கீழே பல வரிகள். அதில் அதிசயம் இல்லை. இப்போது வருகிற பாட்டுச் செயலிகள் பல, உள்ளே ஒரு பிரவுசரை வைத்துக் கட்டப்பட்டவை. பிரவுசர் வேலையைப் பல துண்டாகப் பிரித்து ஓட்டும், அதற்கே சில நூறு எம்பி போய்விடும். அதை மன்னிக்கலாம். 2 ஜிபியைத் தாண்டுவதை எப்படி மன்னிப்பது?

செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். கேஷை, அதாவது அது சேர்த்து வைத்திருந்த தற்காலிகக் கோப்புகளை, காலி செய்தேன். ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் என்று அமைப்பில் ஒன்று இருக்கிறது, அதையும் நிறுத்திப் பார்த்தேன். எதற்கும் அது அசையவில்லை. பிறகுதான் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு பாட்டை ஓடவிட்டு மெமரி எண்ணை மட்டும் பார்த்தேன். ஏறவே இல்லை சேகர்! அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு, எண் அப்படியே நின்றது. உறைகள் வரிசையாக வரும் பக்கத்தை மெல்லக் கீழே உருட்டினேன். ஏறத் தொடங்கியது. மேலே திரும்பினாலும் இறங்கவில்லை. உறைப்படமே இல்லாத பாட்டுகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதை மட்டும் காட்டினேன். எவ்வளவு உருட்டினாலும் எண் அசையவில்லை. பாட்டில் குற்றமே கிடையாது. படங்கள்தான்.

உன் மகள் ஒவ்வோர் எல்.பி. உறையையும் பாதி பாதியாக ஸ்கேன் செய்து ஒட்டியிருக்கிறாள். 12 அங்குல உறை, அங்குலத்துக்கு 300 புள்ளி. நீளம் 3600, அகலம் 3600, பெருக்கினால் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் புள்ளிகள். திரையில் காட்ட ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். ஆக ஓர் உறைக்குச் சுமார் 50 எம்பி. டிஸ்க்கில் அது 3 எம்பிதான், ஜேபெக் என்ற பட வடிவம் சுருக்கி வைத்திருக்கிறது. நைனாவின் ஷாமியானா மடித்திருந்தால் மீன்பாடி வண்டியின் ஒரு மூலையில் அடங்கும், விரித்தால் தெருவையே மூடும், நினைவிருக்கிறதா? அதே கதைதான். 40 உறையை விரித்தால் 2 ஜிபி. பாட்டைப் பொதுவாக அப்படி முழுவதும் விரிப்பதில்லை, அடுத்த சில விநாடிகளை மட்டும் விரித்துக்கொண்டே ஓட்டுவார்கள்.

செயலி எழுதியவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம். திரையில் அந்தப் படம் 200 புள்ளி அகலத்தில்தான் தெரிகிறது. அதற்குச் சின்னப் பிரதி ஒன்று செய்துகொண்டு, பெரியதைக் கீழே போட வேண்டாமா? கண்ணைவிட்டு நகர்ந்த படத்தை விட்டுவிட வேண்டாமா? எல்லாக் கணக்கையும் போட்டு அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

படங்களை எல்லாம் அழித்துவிட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அழிக்கத்தான் உட்கார்ந்தேன். கடைசியாக ஒன்றைத் திறந்து பெரிதாக்கினேன். மூலையில் நீல மையில் நைனாவின் கையெழுத்து. ‘2-ஆம் பக்கம் 3-வது கீறல். போடாதே.’ இன்னொன்றில் ‘ஆடிக் கூழ், காலையில் முதல் தட்டு’. வேறொன்றில் ‘பெண் அழைப்புக்கு மட்டும்’. சாவு வீட்டுக்கு எதைப் போட வேண்டும், எதைப் போடவே கூடாது என்றுகூட எழுதி வைத்திருக்கிறார். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு நாம் இருவரும் பந்துக்கு ஓடிவிடுவோம். அவர் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தெருவுக்கு அன்று எந்தப் பாட்டு வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் நீயும் சொல்லவில்லை. ஒருவேளை நீயே படித்ததில்லையோ? உன் மகள் 300 புள்ளியில் எடுத்ததால்தான் அந்த மை தெரிகிறது. சுருக்கினால் வெறும் கறைதான் மிஞ்சும்.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். முதலில் டிஸ்க் முழுவதற்கும் இன்னொரு பிரதி எடுத்துவிட்டேன். ஒரே ஒரு டிஸ்க்கில் இதை வைத்துக்கொண்டு நீ எப்படி நிம்மதியாக இருந்தாய்? பிறகு எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளால் பெரிய உறைகளை வெளியே எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தேன். பாட்டுக் கோப்புக்குள் 600 புள்ளிப் படத்தை வைத்தேன். அதை விரித்தால் ஒன்றரை எம்பிகூட ஆகாது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் மாற்றிவிடலாம். ஒரே உறை பத்துப் பாட்டுக்குள்ளும் பத்துத் தடவை உட்கார்ந்திருந்ததால் டிஸ்க்கிலும் நல்ல இடம் மிச்சமானது. இப்போது மேலும் கீழும் எப்படி உருட்டினாலும் குரல் அறுவதில்லை. புது லேப்டாப் வேண்டவே வேண்டாம்.

உன்னிடம் கேட்பது இரண்டு. பரணில் இருக்கும் 7 அங்குல ஈ.பி. தட்டுகளின் உறைகளையும் ஸ்கேன் செய்யச் சொல். அதே 300 புள்ளியில், பின்பக்கமும் சேர்த்து. அவர் பின்பக்கத்தில்தான் அதிகம் எழுதுவார் என்று தோன்றுகிறது. குழந்தையிடம் என் பாராட்டையும் சொல். இரண்டாவது, ஓர் உறையில் ‘கா.மே. பெரியவர் கேட்டது, அவருக்கே’ என்று இருக்கிறது. கா.மே. என்றால் காசிமேடு என்று நினைக்கிறேன். பெரியவர் யார் என்று உன் அம்மாவைக் கேட்டு எழுது. அந்தத் தட்டு மட்டும் பெட்டியில் இல்லை, வெறும் உறைதான் இருக்கிறது என்று உன் மகள் பட்டியலில் குறித்திருக்கிறாள்.

அன்புடன்,
மணி