சிங்கப்பூர் மிச்சம் பிடித்தது, தொண்டி பற்று எழுதியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் சிங்கப்பூர்த் துறைமுக அரசு வரவு செலவை எப்படிச் சமாளித்தது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் வருமான வரி போடாமல், சேமிப்பை வைத்தே கரையேறிய கெட்டிக்கார அரசு என்று பாராட்டி முடித்திருப்பதுதான் உறுத்துகிறது. கருவூலத்தில் பில் பார்த்தே காலம் கழித்தவன் நான். ஒரு கணக்கு இவ்வளவு சுத்தமாக நிற்கிறது என்றால், அதில் ஏறாத செலவு எந்த ஊரில் போய் ஏறியது என்று தேடத் தோன்றும். இந்தக் கணக்கில் அது ஏறியது எங்கள் இராமநாதபுரம் கரையில்.

முதலில் வரவு. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றத்தில் இறக்குமதிச் சரக்குக்குப் பொதுவாகச் சுங்கம் கிடையாது. சாராயம், புகையிலை, பெட்ரோல் இவற்றின் மேல் தீர்வை உண்டு. முத்திரைத்தாள், நில வருமானம் உண்டு. இவற்றையெல்லாம் விடப் பெரியது சண்டு. காஜிப்பூர் தொழிற்சாலையிலிருந்து போன நம் நாட்டு அபினைக் காய்ச்சி, புகைக்கும் பதத்தில் விற்பது அது. 1910 வரை குத்தகைதாரர்கள் விற்றார்கள், அதற்குப் பிறகு அரசே கடையை எடுத்துக்கொண்டது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வருடங்கள் மொத்த வருவாயில் பாதியை ஒட்டி இந்த ஒரு இனத்திலிருந்தே வந்தது. வாங்கியவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், ஈயச் சுரங்கத்தில் இறங்கிய சீனக் கூலிகள். தமிழ்க் கூலிக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. வியாபாரிக்கு வரியில்லாத துறைமுகம் என்பது உண்மைதான். உடம்பு வலி தாங்காமல் புகைத்தவன் தலையில்தான் அந்தச் சலுகையின் பாரம் இறங்கியது. கட்டுரை இதைக் கலால் வருவாய் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது.

அந்த அரசு செய்ததில் மெச்சத்தக்கதும் ஒன்று உண்டு. அபின் வருமானம் என்றைக்காவது நிற்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு ஈடாக 1925-இல் தனியாக ஒரு சேமநிதி தொடங்கினார்கள். முதலில் 3 கோடி வெள்ளி (அந்த ஊர் டாலர்), அதன்பின் வருடா வருடம் வருவாயில் பத்தில் ஒரு பங்கு. நம்மூர் மது வருமானத்துக்கு அப்படி ஒரு நிதியை யாராவது நினைத்துப் பார்த்ததுண்டா? இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியதாகிவிடும்.

அப்புறம் மந்தம் வந்தது. ரப்பர் விலை 1925-இல் உச்சத்துக்குப் போய், 1932-இல் பால் எடுக்கிற கூலிக்கே கட்டாது என்ற நிலைக்கு விழுந்தது. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டங்களும் சுரங்கங்களும் பெரும்பாலும் இருந்தது பேராக், சிலாங்கூர் முதலிய கூட்டு மலாய் மாநிலங்களில். அவற்றின் கஜானா வேறு, துறைமுகத்தின் கஜானா வேறு. ரப்பர், ஈயத்தின் ஏற்றுமதித் தீர்வை மாநிலங்களின் கணக்கில் ஏறும். எனவே விலை விழுந்ததும் நேரடியாக அடி வாங்கியது அவர்கள். துறைமுகத்துக்கு அடி சுற்றிக்கொண்டு வந்தது. சுரங்கம் மூடினால் கூலிக்குச் சம்பளமில்லை, சம்பளமில்லாதவன் சண்டு வாங்க மாட்டான். ஏழையின் போதையை நம்பி நடத்தும் கஜானாவின் சங்கடம் இது. அவன் குடித்து அழிந்தாலும் கேடு, கையில் காசில்லாமல் குடியை விட்டாலும் கேடு.

செலவை எப்படிக் குறைத்தார்கள்? உத்தியோகங்களை வெட்டினார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள். ஆளுநர் கிளமென்டி தமிழ், சீனப் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தில் கை வைத்தார். ஆனால் அதே வருடங்களில் காலாங் விமான நிலைய வேலையும் கடற்படைத் தள வேலையும் நடந்தன. விமான நிலையம் 1937-இல் திறந்தது, தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பெரிய உலர்துறை 1938-இல். தளத்துக்குப் பணம் லண்டனிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்தது என்பது தெரியும். அதனால் அதை வைத்துச் சண்டை போட வரவில்லை.

என் சண்டை ஆட்களைப் பற்றியது. 1930 ஆகஸ்ட் முதல் சீன ஆண் கூலிகள் வந்து இறங்குவதற்கு எண்ணிக்கை வரம்பு போட்டார்கள். அதே ஆண்டில் தமிழ்க் கூலிகளை உதவிப் பயணச் சீட்டில், அதாவது அவர்கள் கைக்காசு போடாமல், கூட்டி வருவதை நிறுத்தினார்கள். ஆணுக்கு 50 காசாக இருந்த நாள்கூலியை 40 ஆக்கினார்கள், அதுவும் பிறகு இன்னும் இறங்கியது. வேலை போனவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் செலவு பெரும்பாலும் 1907-இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியிலிருந்து வந்தது. அது கூலிகளைக் கொண்டுவருவதற்காகத் தோட்டக்காரர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்த நிதி. ஆக, திருப்பி அனுப்பிய செலவுகூடப் பொது வருவாயை அதிகம் தொடவில்லை. ஊருக்கு வந்தால் போதும் என்று விரும்பி வந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவன் சாப்பாடு யார் பொறுப்பு?

அதைத் தெரிந்துகொள்ள என் பாட்டனாரின் பேரேடு உதவும். தொண்டிக் கடைத்தெருவில் அவருக்கு மளிகைக் கடை. பினாங்கில் இருந்த உறவுக்காரர் கடையில் நம்மூர் ஆட்கள் வெள்ளியைக் கட்டுவார்கள். அங்கிருந்து சீட்டு வரும், பாட்டனார் இங்கே வீட்டுக்காரர்களுக்கு ரூபாயாகக் கொடுப்பார். இன்றைக்கு உண்டியல் என்றால் போலீஸ் வரும், அன்றைக்கு அது சாதாரணக் காரியம். பேரேட்டில் தலைப்பில் ௭௮௬, கீழே வீட்டு அடையாளம்: 'கிணத்தடி வீடு', 'ஓடத்துக்காரர் மகள்'. கிணத்தடி வீட்டுக்கு 1929-இல் மாதம் 15 ரூபாய் வந்திருக்கிறது. 1930 கடைசியில் 9. 1931-இல் ஒரு மாதம் 6, அடுத்த மாதம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கும் ரூபாய்க்கும் உள்ள மாற்று விகிதத்தால் வந்த குறைவு என்று நினைக்க வேண்டாம். இரண்டுமே பவுண்டோடு கட்டப்பட்டவை, ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்ற விகிதம் அப்படியே இருந்தது. குறைந்தது கூலி.

அடுத்த வரியில் பாட்டனார் கையெழுத்தில், 'ஆள் வந்தாச்சு'. அதற்குப் பிறகு கிணத்தடி வீட்டுக்கு வரவுப் பக்கமே கிடையாது. பற்றுப் பக்கத்தில் அரிசி அரைப்படி, உப்பு, மண்ணெண்ணெய், மறுபடி அரிசி. பக்கம் பக்கமாக. இப்படிப் பல வீடுகள். சிங்கப்பூர் அரசு தன் கணக்கில் எழுதியிருக்க வேண்டிய வேலையில்லாதோர் நிவாரணத்தை ஒரு மளிகைக்கடைக்காரர் பற்று எழுதியிருக்கிறார். சிக்கனம் என்று கட்டுரை புகழ்வது இதைத்தான் என்றால், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

ஊர் தாங்கிக்கொண்டதா என்றால், தாங்கும் நிலையில் இல்லை. இது கண்மாயை நம்பிய வானம் பார்த்த பூமி. நெல் விலையும் பாதியாக விழுந்திருந்தது. நம் அரசும் அப்போது வருவாய் போதாமல் திண்டாடியது. 1931 செப்டம்பரில் டெல்லி ஓர் அவசர நிதி மசோதா கொண்டுவந்து, உப்பு உட்படப் பெரும்பாலான வரிகளின் மேல் 25 சதவீதம் கூடுதல் போட்டது. அரையணாவாக இருந்த தபால் கார்டு முக்கால் அணா ஆனது. வருமான வரி விலக்கு வரம்பு 2,000 ரூபாயிலிருந்து 1,000 ஆக இறங்கியது. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டு. கிணத்தடி வீட்டுக்காரர் அங்கே வேலையை இழந்தார், இங்கே கடனுக்கு வாங்கிய உப்புக்குக் கூடுதல் வரியும் கட்டினார். முந்தைய வருடம்தான் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களைச் சிறையில் போட்டிருந்தார்கள்.

அதே செப்டம்பரில், பவுண்டின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க அளவையைப் பிரிட்டன் விட்டதும் தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. வீட்டுத் தங்கம் வெளியே வந்து கப்பலேறியது. அது இந்தியா முழுக்க நடந்த கதை. எங்கள் கரையில் மலாய்க் காசில் செய்த வளையலும் காசுமாலையும் அதில் போயின. பெண்கள் கழுத்திலிருந்து போனது எந்த அரசின் நிதி அறிக்கையிலும் செலவாக ஏறாது. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் வேண்டுமானால் வரவாகத் தெரியும்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் கடக்கிற தூரத்தில் இருந்த இலங்கை அரசைப் பாருங்கள். தேயிலை, ரப்பர், தென்னை மூன்றும் விழுந்து, சுங்க வருமானம் சுருங்கி, பற்றாக்குறையில் தவித்தது. 1931-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்து அரசாங்க சபை என்ற புதிய சட்டமன்றம் கூடியது, 1932-இல் வருமான வரிச் சட்டம் வந்தது. சிங்கப்பூரில் நிரந்தரமான வருமான வரி வந்தது 1948-இல்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் போட்டதையும் போர் முடிந்து சில வருடங்களில் எடுத்துவிட்டார்கள், வியாபாரிகளின் எதிர்ப்பு அப்படி. இலங்கையைத் தூக்கிப் பிடிக்கவும் நான் வரவில்லை. அவர்களும் தோட்டக் கூலியைக் குறைத்தார்கள், ஆளைத் திருப்பி அனுப்பினார்கள். 1939-இல் இந்திய நாள்கூலி ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கப் போய் நேரு வரை பஞ்சாயத்து போனது. ஆனாலும் மந்தகாலத்தில் பணக்காரனிடம் கை நீட்டிக் கேட்க ஓர் அரசால் முடிந்தது. அதைக் கட்டுரை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

1934-இல் நாடுகள் சேர்ந்து ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்து, விலை நிமிர்ந்ததும் மறுபடி ஆள் கூப்பிட்டார்கள். பேரேட்டில் கிணத்தடி வீட்டுக்கு மறுபடி வரவு விழுகிறது. பழைய பற்று அடைந்ததாக எழுதியிருக்கவில்லை.

இன்னொரு விஷயம். மண்டபம் முகாமை மெட்ராஸ் அரசின் நோய்த்தடுப்பு நிலையம் என்று கட்டுரையில் அச்சாகியிருக்கிறது. அது இலங்கை அரசு தன் செலவில் நம் மண்ணில் நடத்திய முகாம். தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே தங்கவைத்துச் சோதித்துத்தான் கடல் தாண்ட விடுவார்கள். இன்றைக்கு இலங்கை அகதிகள் இருப்பதும் அங்கேதான். அடுத்த பகுதி கொழும்பைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் மண்டபம் முகாமுக்கு ஆன செலவையும், மந்த வருடங்களில் அங்கிருந்து எதிர்த்திசையில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் சேர்க்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். பேரேட்டின் பக்கங்கள் அவருக்குப் பயன்படும் என்றால் படம் எடுத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்,
தொண்டி, இராமநாதபுரம் மாவட்டம்.