பூஜ்யத்தை நம்பிவிடக் கூடாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒற்றைச் செல்லில் மரபணுக்களின் கட்டுப்பாடு பற்றி அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை வரவேற்கத்தக்கது. ஆனால், 'எந்த மரபணு இயங்குகிறது, எது இயங்கவில்லை என்பது செல் செல்லாகத் தெரிந்துவிடும்' என்ற வரி சரியல்ல.

மனித செல் ஒன்றில் மொத்த ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 10 முதல் 30 பிக்கோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கே ஒரு பிக்கோகிராம்). மரபணு இயங்கும்போது அதிலிருந்து படியெடுக்கப்படுவது தூது ஆர்.என்.ஏ.; அதை எண்ணித்தான் மரபணு இயங்குகிறதா என்று சொல்கிறார்கள். மொத்தத்தில் அது சில சதவீதமே. செல்களைத் தனித்தனி நீர்த்துளிகளில் அடைத்துப் படிக்கும் முறையில் அதிலும் பெரும்பகுதி தப்பிவிடும். ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. செல்லுக்கு இரண்டு பிரதி இருக்கிறது, பிடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வையுங்கள். 100 செல்களில் 81இல் பூஜ்யம்தான் பதிவாகும். மரபணு எல்லாவற்றிலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கும்! போதாததற்கு, பல மரபணுக்கள் விட்டுவிட்டே படியெடுக்கப்படுகின்றன. இடைவெளியில் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. இவ்விரு பூஜ்யங்களையும் ஒரு செல்லை மட்டும் வைத்துப் பிரித்தறிய வழியில்லை. ஒத்த செல்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமான பிழை திசுவைத் தனித்தனி செல்களாகப் பிரிக்கும்போதே நேர்கிறது. 37 டிகிரியில் என்சைம் ஊற்றி அரை மணி, ஒரு மணி நேரம் வைத்தால் செல் அதிர்ச்சிக்குள்ளாகி ஃபாஸ், ஜுன் போன்ற மரபணுக்களை முடுக்கிவிடும். அதை நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவார்கள். குளிரில் வேலை செய்யும் என்சைமை 6 டிகிரி அளவில் பயன்படுத்தலாம். திசுவை உடனே உறையவைத்து உட்கருக்களை மட்டும் எடுக்கலாம். மரபணு படியெடுக்கப்படுவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின்-டி என்ற மருந்தைச் சேர்ப்பதானால் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். பிறகு சேர்த்துப் பயனில்லை.

சிதைந்த செல்லிலிருந்து சைட்டோபிளாச (உட்கருவைச் சூழ்ந்த பகுதி) ஆர்.என்.ஏ. கசிந்துவிடும், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுடையது தங்கிவிடும். அதனால் பதிவான ஆர்.என்.ஏ.வில் மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டும் செல்களைக் கழித்துவிடும் வழக்கம் இருக்கிறது. இதயத் தசைக்கு அந்தப் பங்கு இயல்பாகவே அதிகம். அங்கே இந்த வரம்பை வைத்தால் நல்ல செல்களே குப்பைக்குப் போகும்.

கட்டுரையில் செல்களின் எண்ணிக்கை பெருமையாகச் சொல்லப்பட்டிருந்தது. ஒரே நபரின் 10,000 செல்கள் 10,000 சான்றுகள் ஆகா. நோயாளிகளையும் நலமுள்ளோரையும் ஒப்பிடும்போது அவை ஒரு சான்றுதான். ஆகவே செல்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, அவை எத்தனை பேரிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதையும் தவறாமல் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.